கருப்பு அவிழ்க்க முடியாத கட்டு

சங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒரு தம்பி, போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார். “ஐயா, நாம பொருள்முதல்வாதம் பேசுறவங்க. உலகம் பொருளால ஆனது, அதுக்கு மேல ஒண்ணும் இல்லைன்னு சொல்றவங்க. அப்படிப்பட்டவனுக்கு ஆன்மிகம்னு ஒண்ணு இருக்க முடியுமா?” என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்லவில்லை. கோரிக்கை மனு எழுதுவது, உறுப்பினர் சேர்ப்பது எல்லாம் அலுவலகத்திலேயே பழகிக்கொள்வீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் இருப்பது ஒரு அனுபவம்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. போடிநாயக்கனூரில் ஒரு மாடி அறையில் எங்கள் சங்க அலுவலகம் இருந்தது. போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, சரிவில் இருந்த ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். ராசிங்காபுரம், சிலமலைப் பக்கத்திலிருந்து மலையேறிய அறுபது குடும்பங்கள் அங்கே லயத்தில் குடியிருந்தன. மலையாளத்துக்காரர்களும் சிலர் உண்டு. லயம் என்றால் நீளமான ஒரே மண்கட்டடம். தடுப்புச் சுவர் வைத்து ஆளுக்கு ஒரு அறை. முந்தைய வருஷம் ஐப்பசி மழையில் அதில் ஒரு சுவர் இடிந்து இரண்டு பேர் செத்திருந்தார்கள். நல்ல சுவரும் தகரக் கூரையும் வேண்டும், வாரம் இரண்டு நாள் ஒரு கம்பவுண்டர் மலைக்கு வர வேண்டும். அவர்கள் கேட்டது இவ்வளவுதான்.

முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். நான் கூரையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். ஆனால் மலையேறும்போது வாடகை ஜீப்பு டிரைவர் வழியில் மெட்டுக்கருப்பு கோயிலில் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, விபூதி பூசிக்கொண்டு வந்ததைப் பார்த்திருந்தேன். அந்தச் சூடு மண்டையில் இருந்தது. கடவுள் என்பது மனிதனின் பயம், கோயில் என்பது முதலாளியின் காவல்காரன் என்று ஒரு மணி நேரம் முழங்கினேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் வீராயி. நாற்பது வயது இருக்கும். காய் பறிக்கும் பெண்கள் எல்லோரும் அவர் சொல் கேட்பார்கள். சுவர் விழுந்து செத்த இருவரில் ஒருவர் அவருடைய கணவர். மற்ற மூன்று பேரும் எழுந்து போன பிறகு அவர் சொன்னார்:

“தம்பி, எங்க கூரை ஒழுகுது. நீங்க கோயில் கூரையைப் பிரிக்கிறீங்க.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதற்குச் சமமாக ஒன்றும் உறைத்ததில்லை. அதன் பிறகு ஐந்து மாதம் கூரையைப் பற்றி மட்டும் பேசினேன். ஒவ்வொரு வீடாக உட்கார்ந்தேன், ஒழுகும் இடத்தை எண்ணினேன், மழை பெய்தால் பிள்ளைகளை எங்கே படுக்க வைக்கிறார்கள் என்று கேட்டேன். நான்கு பேர் மறுபடி நாற்பதானார்கள், பிறகு நூற்றைத் தாண்டினார்கள். நிர்வாகம் மனுவை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டது. ஆவணி பிறந்து காய் பறிப்பு தொடங்கும் நேரத்தில், கூடையைத் தொடுவதில்லை என்று எல்லோரும் முடிவெடுத்தோம். முற்றிய ஏலக்காய் காத்திருக்காது. செடியிலேயே வெடித்து உதிர்ந்தால் எலிக்கும் அணிலுக்கும்தான் ஆகும். அதனால்தான் அந்த நேரம்.

முடிவெடுத்த உடனே வீராயி ஒன்று சொன்னார். வெள்ளிக்கிழமை மெட்டுக்கருப்பு முன்னால் எல்லோரும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும், யாரும் நடுவில் பிரிந்து போகமாட்டோம் என்று. எல்லோரும் என்றால் நானும்தான்.

போடிக்கு வந்து அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவரிடம் கேட்டேன். எனக்குச் சங்க வேலை சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னது: “கற்பூரம் கடையில விக்கிற சரக்குய்யா. அணைச்சுட்டு வா. நமக்கு ஆக வேண்டியது போராட்டம்.”

சரி என்றுதான் கிளம்பினேன். மலைப்பாதையில் நடக்க நடக்க அது மனசுக்கு ஒப்பவில்லை. கருப்பு இருக்கிறார் என்று நம்பாதவன் கருப்பு மேல் சத்தியம் பண்ணினால், இவர்களுக்கு நான் கொடுக்கிற முதல் வாக்கே பொய். மேலும், இவர்களுக்கு இது போதும் என்று நான் உள்ளுக்குள் சிரிக்கிறேன் என்றுதானே அர்த்தம்? பண்ணாவிட்டாலோ போராட்டமே நடக்காமல் போகலாம். கோயில் கண்ணுக்குத் தெரிகிற வரையில் எனக்கு முடிவு கிடைக்கவில்லை.

கோயில் என்றால் ஒரு பாறை, ஒரு அரிவாள், சில மணிகள். ஒவ்வொருவராகப் போய்க் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். அன்னம்மாவின் முறை வந்தது. மலையாளத்துக் கிறிஸ்தவப் பெண், தோட்டத்துக்கு வந்து பதினைந்து வருஷம். “கருப்பனை ஞான் தொழாறில்லா. எனக்கு என்டெ மாதாவு மதி” என்று சொல்லி, கருப்பனைத் தான் கும்பிடுவதில்லை, தன் மாதாவே போதும் என்று கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினார். யாரும் மறுக்கவில்லை.

பிறகு நான். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. “எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இதை அணைச்சா நான் ஒங்களை ஏமாத்துற மாதிரி ஆகும்” என்றேன். ஒச்சப்பன் என்று ஒருவர், வீராயிக்குத் தங்கை முறையாகும் ஒருத்தியைக் கட்டியவர், கட்டுமஸ்தான ஆள், முன்னால் வந்தார். “சத்தியம் பண்ணாத ஆளை நம்பி நாங்க எப்படி அடுப்பை அணைக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் குரலில் கோபம்கூட இல்லை.

என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். இது முடிகிற வரைக்கும் நான் மலையை விட்டுக் கீழே இறங்கமாட்டேன், இந்த லயத்தில்தான் படுப்பேன், உங்கள் வீட்டில் எது வேகிறதோ அதைத்தான் சாப்பிடுவேன், நிர்வாகம் என்னிடம் தனியாக எது பேசினாலும் அன்றே வந்து எல்லோர் முன்னாலும் சொல்வேன்.

வீராயி வந்து என் முன்னால் கையை நீட்டினார். “சாமி மேல வேணாம். என் கை மேல வைங்க.”

வைத்தேன். என் கை மேல் அன்னம்மா வைத்தார். சற்று நேரம் கழித்து ஒச்சப்பனும் வைத்தார். பிறகு எத்தனை கை என்று தெரியாது. பாரம் தாங்காமல் வீராயி கீழிருந்து “போதும்ப்பா” என்று சிரித்தார்.

மறுநாள் காலை ஒரு கூடைகூட தோட்டத்துக்குள் போகவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, மிகவும் நிதானமாகப் பேசினார். “அவங்க பிரியமாட்டாங்க, கருப்புக்குப் பயப்படுறாங்க. ஆனா நீ சாமியே இல்லைங்கிறவன். ஒன்னைக் கட்டிப்போட என்ன இருக்கு?” என்று கேட்டார். போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் மண்டியில் நல்ல வேலை இருப்பதாகவும் சொன்னார். காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வாக்குக் கொடுத்தபடி எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. என்னைக் கட்டிப்போட உண்மையில் என்ன இருக்கிறது? கொள்கை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். கொள்கை உள்ளவர்கள் எத்தனை பேர் விலை போனார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பத்து நாள் கஞ்சியில் ஓடியது. சிலமலை விவசாயிகள் இரண்டு வண்டி கம்பும் சோளமும் அடிவாரம் வரை கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் பெண்கள் அதைத் தலையில் சுமந்து ஏற்றினார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் போடியிலிருந்து வந்த ஜீப்பு டிரைவர் ஒரு சீட்டைக் கொடுத்தார். அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் எழுதியது. போடியில் இருந்த என் மனைவிக்கு முதல் பிரசவம், வலி எடுத்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், உடனே வா.

படித்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தேன். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன், தொடர்ந்து ஊற்றினேன். கீழே இறங்கமாட்டேன் என்று சொன்ன வாய் இது. போகட்டுமா என்று கேட்பதே வாக்கை உடைப்பதாகும் என்று எனக்குத் தோன்றியது. அன்று நான் கேட்காமல் நின்றது சரி என்று என் மனைவி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். நீங்கள் யாரும் இந்த இடத்தில் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

டிரைவர் அன்னம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தார். அவர் வந்து என் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கினார். பத்து நிமிஷத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒச்சப்பன் முதலில் பேசினார். பிள்ளை பிறக்கிற இடத்தில் அப்பன் இருக்க வேண்டும், போகட்டும் என்றார். வீராயி என் பக்கம் திரும்பி, “என் கை மேலதான வச்சீங்க? நான் எடுத்துக்கிறேன். வெரசா போங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்கிறதைப் பாத்துட்டு வாங்க” என்றார்.

அதே ஜீப்பில் இறங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் நான் போய் நின்றபோது நர்சம்மா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வயிற்றின் மேலேயே கை வைத்துத் தடவித் தடவிப் பிள்ளையைத் திருப்பிவிட்டதாகச் சொன்னார். பெண் குழந்தை. என் மனைவி சோர்ந்து கிடந்தாள், ஆனால் என்னைப் பார்த்ததும் முறைத்தாள். அதிலேயே எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். என்னை ஏற்றக்கூடாது என்று ஜீப்புக்காரர்களுக்கு நிர்வாகம் சொல்லிவிட்டிருந்தது. அடிவாரம் வரை மாட்டுவண்டி, அதன் பிறகு வளைவுகளைக் குறுக்கே வெட்டிப் போகும் ஒற்றையடிப் பாதை. பாதி ஏறியிருந்தபோது மேலே உறுமி மேளம் கேட்டது. கோயில் பக்கம்தான். இன்று பூசை நாள் இல்லையே என்று நினைத்தேன். பிறகு மேளம் நின்றுவிட்டது. காரணம் தெரியாமலேயே ஓடத் தொடங்கினேன்.

ஒரு வளைவில் மேனேஜரின் ஜீப்பு கீழே இறங்கி வந்தது. முன்னால் மேனேஜர், என்னைப் பார்க்காதது போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மெட்டுக்கருப்பு கோயில் பூசாரி. அவர் காலடியில் மாலை போட்ட ஒரு கிடாய், உயிரோடு, மாலையை மென்றுகொண்டிருந்தது. பூசாரி என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வெட்டப் போன கிடாய் ஏன் திரும்பி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, போராட்டத்தை உடைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

லயத்தை அடைந்தபோது மதியம் தாண்டிவிட்டது. வாசலில் கூடைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் காலி. ஆட்கள் உட்கார்ந்து சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, என்ன பிள்ளை என்று. சொன்னேன். பெண்கள் குலவையிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நடந்ததை அன்னம்மா சொன்னார், ஒச்சப்பனும் கூடவே சொன்னார். என் வாழ்க்கையிலேயே நான் பார்த்த பெரிய போராட்டத்தின் பெரிய நிமிஷத்தில் நான் அங்கே இல்லை. கேட்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் இறங்கிய செய்தி போனதுமே மேனேஜர் ஏற்பாடு செய்துவிட்டார். காலையில் கோயில் முன்னால் பூசாரி, மேளம், கிடாய். பரிகாரம் செய்தால் கருப்பு சத்தியத்தை அவிழ்த்துவிடுவார், பாவம் ஒட்டாது என்று பூசாரி எல்லோர் முன்னாலும் சொன்னார். உங்கள் சங்கத்துக்காரன் நேற்றே ஓடிவிட்டான் என்று மேனேஜர் சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் பசி. ஒச்சப்பனுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். அவர்தான் முதலில் கூடையை எடுத்தார். பின்னாலேயே இருபது பேர் எடுத்தார்கள்.

வீராயி யாரையும் மறிக்கவில்லை. பூசாரியிடம் போய்ப் பேசினாராம். அன்னம்மா அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னார், ஒச்சப்பன் ஆமென்று தலையாட்டினார்.

“கருப்பு அவுத்துவிட்டாரு, சரி. நீங்க சொன்னா நான் நம்புறேன். ஆனா அன்னிக்கு என் கை மேல அன்னம்மா கை வச்சா. அவ கருப்பைக் கும்பிடுறவ இல்ல. அந்தத் தம்பி கை வச்சாரு, அவருக்குச் சாமியே இல்ல. அதையெல்லாம் கருப்பு எப்படி அவுப்பாரு? நாங்கதான அவுக்கணும்? அந்தத் தம்பி ஓடல. அவருக்கு நாங்கதான் அவுத்துவிட்டோம்.”

பிறகு ஒச்சப்பன் பக்கம் திரும்பினாராம். “மாப்ளே, ஒனக்குப் பிள்ளைக பசிக்குதுன்னா சொல்லு. இந்தா என் கை. நீ கேளு, நான் அவுத்துவிடுறேன். யாரும் ஒரு சொல்லு சொல்லமாட்டோம்.”

இந்த இடத்தை ஒச்சப்பனே சொன்னார். “என்னான்னு கேக்குறது? வாய் வரல. கூடையைக் கீழ வச்சுட்டேன்” என்றார். அவர் வைத்ததும் ஒவ்வொன்றாக இருபது கூடையும் தரைக்கு வந்தன. பூசாரி கொஞ்ச நேரம் அரிவாளைப் பிடித்தபடி நின்றார். பிறகு அதைப் பழைய இடத்தில் சாத்திவிட்டு, கருப்பு இந்தக் கிடாயைக் கேட்கவில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். அவரும் ராசிங்காபுரத்துக்காரர். சுவர் விழுந்து செத்தவர்களைத் தூக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

மேனேஜர் என்னிடம் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அப்போதுதான். என்னைக் கட்டிப்போட்டிருந்தது அந்தக் கைகள். நான் நம்பாத கருப்பிடமும் அந்தக் கட்டு இல்லை, நான் நம்பிய புத்தகத்திலும் இல்லை. வீராயி கருப்பை முழுமனதாக நம்பினார். அன்னம்மா மாதாவை நம்பினார். நான் இரண்டையும் நம்பவில்லை. மூன்று பேரும் ஒரே கட்டில் இருந்தோம்.

நான்கு நாள் கழித்து முதலாளியே மலையேறி வந்தார். செடியில் காய் வெடிக்கத் தொடங்கியிருந்தது. புதுச் சுவர், தகரக் கூரை, செவ்வாயும் வெள்ளியும் கம்பவுண்டர், மூன்றையும் எழுத்தில் ஒப்புக்கொண்டார். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வீராயி வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கல” என்றார். தன் தவறை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அவரிடம் நான் கற்றதில் அதுதான் பெரிய பாடம்.

கருப்புக்குப் பொங்கல் வைத்தார்கள். நான் பானையைச் சுமந்தேன், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். ஒச்சப்பன் விபூதியை நீட்டி, இப்போதாவது சாமி உண்டு என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். “கெடக்குது, பொங்கலைத் தின்னுங்க” என்று இலையில் வைத்தார். என் மனைவிக்காக அன்னம்மா பிரசவத்தன்று முழுதும் ஜெபமாலை உருட்டியதாகச் சொன்னார். பிள்ளையைத் திருப்பியது நர்சம்மாவின் கை என்று எனக்குத் தெரியும். அன்னம்மாவுக்கும் நன்றி சொன்னேன். அது பொய்யில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். செத்தால் மண், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று இன்றும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை மலையில் யாரும் என்னிடம் பிடுங்கவில்லை. ஆனால் உடம்பு சிலிர்த்து, தலை தானாகத் தாழ்ந்து, நான் ரொம்பச் சின்னவன், ஆனால் தனியாள் இல்லை என்று தோன்றிய நேரங்கள் என் வாழ்க்கையில் உண்டு. ஆன்மிகம் என்று மற்றவர்கள் சொல்வது இதைத்தான் என்றால், எனக்கும் அது உண்டு. ஒன்றையொன்று கெடுத்ததில்லை.

அப்படி ஒரு நேரத்தைச் சொல்லி முடிக்கிறேன். கூரை வேலை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே முடிந்தது. தகரங்களை லாரியிலிருந்து இறக்கி லயம் வரை சுமந்தவர்கள் எங்கள் ஆட்களேதான். முதல் பெருமழை ஒரு பிற்பகலில் வந்தது. தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. வீட்டுக்கு வீடு எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வீராயியைத் தேடி அவர் அறைக்குப் போனேன். வாசலில் அன்னம்மா விரலை உதட்டில் வைத்து என்னை நிறுத்தினார். சுவர் விழுந்த அந்த நாளிலிருந்து மழை பெய்தால் வீராயி உள்ளே படுத்ததில்லையாம், சாக்கைப் போர்த்திக்கொண்டு வெளியே பாறை இடுக்கில் உட்கார்ந்திருப்பாராம்.

எட்டிப் பார்த்தேன். புதுச் சுவரோரமாகப் பாயை விரித்து, அந்தச் சத்தத்தின் நடுவே, அவர் வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.